எல்லா நிறுத்தமும் ஸ்ரீரங்கம்

உமாமகேஸ்வரியைப் பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா சகுந்தலா கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்பதுதான்.

பதில் சொன்னவர் உமாவின் அப்பா. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"புத்தூர்ல ஒரு கம்பெனிங்க. டிரைவர் எழுதுது."

சகுந்தலா யோசித்தார். டிரைவர் ஓட்டுவான், ஹாரன் அடிப்பான், ஓரமாக நிறுத்தி டீ குடிப்பான். டிரைவரை எழுதுவது எப்படி? பிறகு சட்டென்று விளங்கிவிட்டது. டிரைவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற இடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ். அப்படியானால் கவர்மென்ட் உத்தியோகம். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். அந்தப் பஜ்ஜியோடு சம்பந்தம் முடிவாகிவிட்டது.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, முசிறியிலிருந்து சகுந்தலாவின் தம்பி பழைய லைசென்ஸும் இரண்டு போட்டோவுமாக எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்கு வந்து இறங்கினார். "உமா, இதைக் கொஞ்சம் ரெனியூவல் பண்ணிக் குடுத்துடும்மா" என்றார். அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. கம்ப்யூட்டரோடு சேர்க்கிற ஸ்பீக்கர், திரை, பிரிண்டர் எல்லாம் ஓடுவதற்கு ஒரு புரோகிராம் வேண்டும், அதற்குப் பெயர்தான் டிரைவர், லினக்ஸ் என்ற ஒன்றுக்குத் தான் அதை எழுதுகிறேன் என்று உமா நிதானமாக எடுத்துச் சொன்னாள். தம்பி முழுவதும் கேட்டுவிட்டு, "லினக்ஸுங்கிறது லாரியா, வேனா?" என்றார்.

சகுந்தலாவுக்கு யார் மீதும் கோபமில்லை; ஒரு வார்த்தை தன்னை ஏமாற்றிவிட்டதே என்ற வருத்தம்தான். அதன் பிறகு மருமகள் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் மகன் சந்திரசேகரிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "காலையில போறா, சாயங்காலம் வரா. செஞ்சதுன்னு கண்ணால பாக்க, கையால தொட ஒண்ணாவது இருக்கா?" அடுப்படியில் இருந்த உமாவின் காதில் அது விழுந்தது.

அப்படிக் கண்ணால் பார்க்க ஒன்று கிடைக்கக் காரணமாக இருந்தவர் அவளுடைய முதலாளி டோரதி மேடம்.

புத்தூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது கம்பெனி. தனியார் டவுன் பஸ்களுக்கு அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற சிறு பெட்டி செய்து கொடுத்தார்கள். பெட்டிக்குள் பேசுவது டோரதியின் குரலேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசகம் வாசித்துத் தேறிய கணீர்க் குரல். வெளியாள் எதற்கு என்று ஒரே மூச்சில் அவரே எல்லா ஊரையும் பேசிப் பதிவு செய்தார். நிறுத்தங்களுக்கு எண் கொடுத்ததும் அவர்தான். வழியில் கடைசியாக வருகிற ஸ்ரீரங்கத்துக்குப் பூஜ்யத்தைக் கொடுத்து முதலில் வைத்திருந்தார். ஏன் என்று உமா கேட்டபோது, "பெருமாள் ஊராச்சேம்மா. ஒரு மரியாதை வேணாமா?" என்றார்.

பெட்டி வேலை செய்கிற விதம் எளிமையானது. அதற்குள் இருக்கும் ஜிபிஎஸ் சில்லு பஸ் எங்கே போகிறதென்று பார்த்து, அடுத்த நிறுத்தத்தின் எண்ணை மெமரியில் குறிப்பிட்ட ஓரிடத்தில் எழுதி வைக்கும். அந்த இடத்தைப் படித்து, எண்ணுக்குரிய குரலை ஒலிக்க விடுவது ஒரு மாட்யூலின் வேலை. லினக்ஸின் நடுநாயகமான புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். மெமரி முழுவதும் அதன் ஆளுகையில் இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏற்றிவிடக்கூடிய சிறு துண்டுதான் மாட்யூல். உள்ளே ஏறிவிட்டால் அதைத் தட்டிக்கேட்க ஆள் கிடையாது. எந்த இடத்தைப் படி என்று எழுதியிருக்கிறதோ, அங்கே போய்ப் படித்துவிட்டு வரும். அது சரியான இடம்தானா என்று கவலைப்படாது.

இந்த மாட்யூலை முதலில் எழுதியவன் ஜெஸ்வின். உமாவுக்கு முன்னால் அங்கே இருந்தவன். கம்ப்யூட்டரே வேண்டாம் என்று விட்டுவிட்டு நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்துவிட்டான். அவன் எழுதிய பகுதி நன்றாக ஓடியதால் உமா அதில் கை வைக்காமல், மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டவுன் பஸ் முதலாளி நஸ்ருல்லா பாயின் வண்டிகளில் பெட்டி ஏறியதும் வீட்டில் காற்று மாறி வீசியது. எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஜங்ஷன், பாலக்கரை, சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் போகிற அந்த பஸ்ஸில்தான் சகுந்தலா சனிக்கிழமைதோறும் பெருமாளைச் சேவிக்கப் போவார். முதல் தடவை குரல் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரியின் தொடையைத் தட்டினார். "கேட்டியா? எங்க உமா செஞ்சது." அந்தக் குரல் உமாவுடையது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். சகுந்தலா அதை மறுக்கவில்லை.

இந்தப் பெருமைக்கு வந்தது சோதனை.

பெட்டிக்குள் வைக்கிற பழைய கம்ப்யூட்டர் போர்டு சந்தையில் வருவது நின்றுபோய், மெமரி அதிகமுள்ள புது மாடல் வந்தது. உமா மாட்யூலைப் புது கெர்னலுக்காக மறுபடி கம்பைல் செய்தாள்; எழுதியதை இயந்திரம் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றுவதற்கு அதுதான் பெயர். ஒரு குறையும் சொல்லாமல் கம்பைல் ஆனது. டோரதி பெட்டியை மேஜை மேல் வைத்து ஸ்விட்சைப் போட்டார்.

"அடுத்த நிறுத்தம், ஸ்ரீரங்கம். இறங்குபவர்கள் தயாராக இருக்கவும்" என்றது பெட்டி.

கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் எடுக்காது. எடுக்காவிட்டால் எண் பூஜ்யம். பூஜ்யம் என்றால் ஸ்ரீரங்கம். எல்லாம் இருக்கவேண்டியபடி இருந்தது.

"பாரு, முதல் வார்த்தையே பெருமாள் ஊரு" என்றார் டோரதி. "நல்ல சகுனம். அனுப்பிடலாம்."

"மேடம், வெளியில ஒரு ரவுண்டு..." என்று உமா சொல்லி முடிப்பதற்குள் பெட்டிகள் நஸ்ருல்லா பாயின் ஆள் கொண்டு வந்த ஸ்கூட்டரில் ஏறிவிட்டன.

அடுத்து வந்தது புரட்டாசி சனிக்கிழமை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. எடமலைப்பட்டி புதூரை விட்டுக் கிளம்பியதுமே பெட்டி, "அடுத்த நிறுத்தம், ஸ்ரீரங்கம்" என்றது. வந்தது கிராப்பட்டி. அதைத் தாண்டியதும் மறுபடி, "அடுத்த நிறுத்தம், ஸ்ரீரங்கம்." சிலர் சிரித்தார்கள். முன் சீட்டில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் விடாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த சகுந்தலாவுக்குக் கூட்டத்தின் இரைச்சலில் அது காதில் விழவில்லை.

ஜங்ஷனில் சேலத்திலிருந்து ரயிலில் வந்த ஏழெட்டுப் பெண்கள் ஏறினார்கள். ஸ்ரீரங்கத்துக்கு முதல் தடவை வருகிறவர்கள். வழி கேட்டதும் சகுந்தலா அவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, எந்த வாசலில் கூட்டம் குறைவு, தாயார் சந்நிதிக்கு எப்போது போகலாம் என்று வகுப்பே எடுத்தார். பேச்சு சூடு பிடித்திருந்த நேரத்தில் குரல் வந்தது.

"ஸ்ரீரங்கம் வந்துடுச்சாங்க? அதுக்குள்ளயா?" என்றாள் ஒருத்தி.

"பெட்டி சொல்லுதுல்ல? எங்க மருமக செஞ்சது. தப்பா சொல்லாது. எந்திரிங்க, எந்திரிங்க."

வாராவாரம் போகிறவருக்குப் பாலக்கரை தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணை நம்புவதா மருமகளை நம்புவதா என்று வந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மருமகளை நம்பினார். எல்லோரையும் இறக்கிவிட்டுத் தானும் இறங்கினார். பஸ் போய்விட்டது.

சேலத்துப் பெண்கள் கோபுரம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு மெதுவாகப் பார்வையைக் கீழே இறக்கினார்கள். எதிரே ஒரு பெரிய அண்டாவில் பிரியாணி தம்மில் இருந்தது.

"ஏங்க, பெருமாள் கோயிலுக்கு எதுத்தாப்புல பிரியாணிக் கடையா?"

அன்று லீவு. வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உமாவின் போன் அடித்தது. "உமா," என்றார் சகுந்தலா, மிகத் தணிந்த குரலில். "நான் பாலக்கரையில நிக்கிறேன். கூட எட்டுப் பேரு நிக்கிறாங்க. நீ என்ன செஞ்சு வெச்சிருக்க?"

திங்கட்கிழமை காலை மன்னார்புரம் பக்கம் இருந்த பஸ் ஷெட்டுக்கு உமாவும் டோரதியும் போனார்கள். கண்டக்டர் டோனி, ஸ்பீக்கரில் ஒரு துண்டைத் திணித்து வாயை அடைத்திருந்தான்.

"அக்கா, நான் பாலக்கரைன்னு தொண்டை கிழியக் கத்தறேன். மேடம் ஸ்ரீரங்கம்ங்கறாங்க. ஜனங்க யாரை நம்புவாங்க? மேடம் குரல்ல ஒரு படிச்ச களை இருக்குல்ல?" என்றான்.

டோரதிக்கு இது வசவா பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

பழைய போர்டு இருந்த பஸ்கள் எல்லாம் ஒழுங்காகப் பேசின. புது போர்டு இருந்தவை மட்டும் ஸ்ரீரங்கத்தைவிட்டு நகர மறுத்தன. ஜிபிஎஸ் சில்லில் கோளாறு இல்லை. அது சரியான எண்ணைத்தான் எழுதியது. அப்படியானால் படிக்கிறவன்தான் வேறெங்கோ போய்ப் படிக்கிறான். டிரைவர் சீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உமா ஜெஸ்வின் எழுதியதை வரி வரியாகப் பார்த்தாள். நடுவில், எழுத்தையும் எண்ணாகப் பாவிக்கிற கம்ப்யூட்டர் கணக்கில், ஓர் எண் துருத்திக்கொண்டு நின்றது: 'சி' என்ற எழுத்தும், பின்னால் ஏழு பூஜ்யமும். அவள் நாமக்கல்லுக்குப் போன் போட்டாள்.

"அதுவாக்கா? அது கெர்னல் தொடங்கற இடம்" என்றான் ஜெஸ்வின். "அதோட கூட்டினா நம்ம எண் இருக்கற இடம் வந்துடும்."

"எல்லாக் கெர்னலும் அங்கதான் தொடங்கும்னு உனக்கு யாருடா சொன்னது?"

போனில் சற்று நேரம் கோழிகள் மட்டும் பேசின.

"அப்ப நம்மகிட்ட இருந்தது ஒரே ஒரு போர்டுதானேக்கா."

"எந்த இடம்னு கெர்னலையே கேட்டா சொல்லுமேடா."

"கேக்கணும்னா முறையா பத்து லைன் எழுதணும். இது ஒரே ஒரு கூட்டல். வேலை முடிஞ்சுதுல்ல?"

"உன் ஒரு கூட்டல்ல எங்க அத்தை பாலக்கரையில நின்னாங்க."

"அக்கா, தீவனக்காரன் வந்துட்டான். அப்புறம் பேசறேன்."

நஸ்ருல்லா பாய் அதுவரை பொறுமையாக நின்றார். பஸ் முதலாளி என்றாலும் என்ஜின் பிரித்துப் பழகிய கை. கோளாறு என்றால் அவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். "எனக்கும் புரியறாப்ல சொல்லும்மா" என்றார்.

"மெமரியை இரண்டாப் பிரிச்சு, ஒரு பங்கைக் கெர்னல் தனக்குன்னு வெச்சுக்கும் பாய். பழைய போர்டுல அந்தப் பங்கு தொடங்கற இடம் ஒண்ணு. புதுசுல மெமரி ஜாஸ்தி. அதனால இன்னும் முன்னாடியே தொடங்கி, பெரிசா எடுத்துக்கிச்சு. நம்ம மாட்யூலுக்கு அது தெரியாது. பழைய கணக்குலயே போய்ப் பாக்குது."

"அதாவது, மதுரை பஸ்ஸெல்லாம் பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுச்சு. நம்மாளு இன்னும் பழைய சென்ட்ரல் ஸ்டாண்டுலயே நிக்கிறான்."

"அதேதான் பாய்!"

"சரி. அங்க பஸ் இல்லேன்னா, இல்லேன்னு வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"அதுதான் இதுல கொடுமை. அந்த இடத்துலயும் மெமரி இருக்கு. ஆனா காலியா கெடக்கு. காலின்னா பூஜ்யம். பூஜ்யம்னா..."

"ஸ்ரீரங்கம்" என்று முடித்தார் நஸ்ருல்லா பாய். திரும்பி டோரதியைப் பார்த்தார். டோரதி கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

பஸ்கள் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கியதால் உமா அவசர வைத்தியம் செய்தாள். 'சி'யை எடுத்துவிட்டு, புது கெர்னல் தொடங்குகிற எட்டைப் போட்டாள். புது பஸ்கள் நாக்கு திருந்தி கிராப்பட்டியைக் கிராப்பட்டி என்றே சொல்லின. ஷெட்டில் கைதட்டல் கேட்டது. சந்தோஷத்தில் டோரதி அந்த பென் டிரைவை வாங்கிக்கொண்டு போய், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து என்று, நன்றாக இருந்த பழைய பஸ்களிலும் செருகி ஏற்றிவிட்டார். பழைய போர்டில் அந்த எட்டு இருக்கிற பகுதி கெர்னலுக்குச் சொந்தமே இல்லாத பகுதி. மாட்யூல் அங்கே காலை வைத்ததும் பெட்டி அப்படியே உறைந்துபோனது. மத்தியானத்துக்குள் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த பஸ்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன.

"இரண்டு விதமா வெச்சுக்கலாம்" என்று டோரதி அடுத்த யோசனையைச் சொன்னார். "பழசு இருக்கற பஸ்ஸுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், புதுசு இருக்கற பஸ்ஸுக்குப் பச்சை ஸ்டிக்கர். கலர் பாத்து ஏத்தினாப் போதும்."

இரண்டு நாள் அது நடந்தது. மூன்றாம் நாள் பஸ்ஸை வாட்டர் சர்வீஸுக்கு விட்டபோது பெட்டிகளைக் கழற்றி வைத்தார்கள். திரும்ப மாட்டும்போது எந்தப் பெட்டி எந்த பஸ்ஸினுடையது என்று பார்க்கவில்லை. ஈரத்தில் உரிந்து விழுந்த ஸ்டிக்கர்களை டோனி பொறுக்கியெடுத்து, வீணாகப் போகக் கூடாதே என்று டிக்கெட் பைக்கு அலங்காரமாக ஒட்டிக்கொண்டான்.

அன்று மாலை உமா டோரதியின் எதிரே போய் நின்றாள். பொதுவாக அவள் முதலாளியிடம் குரல் உயர்த்துகிறவள் இல்லை.

"மேடம், இந்த எண்ணே மாட்யூலுக்குள்ள இருக்கக் கூடாது. 'சி'யும் வேணாம், எட்டும் வேணாம். ஏறினதும் முதல் வேலையா கெர்னலைக் கேக்கணும். அது காட்டற இடத்துலதான் படிக்கணும். அதோட, இங்கேருந்து கம்பைல் பண்ணி அனுப்பறதையும் நிறுத்தணும். ஒவ்வொரு பெட்டியும் தன்னோட கெர்னலுக்கு ஏத்தபடி அங்கயே கம்பைல் பண்ணிக்கணும். இந்த வாரம் பூரா எனக்கு வேற வேலை குடுக்காதீங்க. முக்கியமா, அந்த பென் டிரைவை என்கிட்ட குடுத்துடுங்க."

டோரதி கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

ஜெஸ்வின் சொன்ன பத்து வரி, எழுதி முடித்தபோது முப்பதைத் தாண்டியது. கேட்டால் கெர்னல் பதில் சொல்லாமல் போனால் என்ன செய்வது, பாதியில் கழற்றினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. எண் கிடைக்காவிட்டால் ஸ்ரீரங்கம் என்று அடித்துவிடாமல் வாயை மூடிக்கொண்டிருக்கவும் அதற்குக் கற்றுக்கொடுத்தாள். பழைய போர்டில் ஏற்றிப் பார்த்தாள், பேசியது. புதிதில் பேசியது. அப்போதுதான் சோதனைக்கென்று மூன்றாவதாக ஒரு போர்டு வந்திருந்தது. கம்ப்யூட்டருக்குள் புகுகிற திருடர்களுக்குப் பிடி கொடுக்காமல் இருக்க, அதில் ஒவ்வொரு முறை ஸ்விட்சைப் போடும்போதும் கெர்னல் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும். உமா அதிலும் ஏற்றினாள். அணைத்துப் போட்டாள், பேசியது. மறுபடி அணைத்துப் போட்டாள். திரையில் கெர்னல் இருக்கிற முகவரி மாறியது; குரல் மாறவில்லை.

"ஏம்மா சும்மா சும்மா அணைச்சுப் போடறே?" என்றார் டோரதி.

"எங்க போய் ஒளிஞ்சாலும் போய்ப் பிடிக்குது பாருங்க மேடம்!" என்றாள் உமா. முகமெல்லாம் சிரிப்பு. டோரதி அவளை அப்படிப் பார்த்ததில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தார்.

வீட்டில்தான் சமாதானம் பாக்கி இருந்தது. பாலக்கரைக்குப் பிறகு சகுந்தலா குரல் இல்லாத கவர்மென்ட் பஸ்ஸில்தான் ஸ்ரீரங்கம் போய்வந்தார். "சரியாயிடுச்சு அத்தை" என்று உமா சொன்னதற்கு, "அப்பயும் சரியாத்தானே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். ஆனால் அடுத்த சனிக்கிழமை, பஸ்ஸிலேயே போய்ச் சோதிக்கப் போகிறேன் என்று உமா கிளம்பியபோது அவரும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்" என்றார்.

பழைய போர்டு பஸ்ஸில் ஏறி, சத்திரத்தில் இறங்கிப் புது போர்டு பஸ்ஸுக்கு மாறினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சகுந்தலா வெளியே எட்டிக் கடைப் பலகையைப் படித்துவிட்டு, "ம், சரி" என்றார். மாம்பழச்சாலைக்கு "ம், சரி." அம்மா மண்டபத்துக்கு "ம், சரி." கடைசியில் ராஜகோபுரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பெட்டி ஸ்ரீரங்கம் என்றதும், பெரிய மனதோடு தலையசைத்தார். அங்கே அவருக்காக ஓர் அம்மாள் காத்திருந்தார். சேலத்துக் கூட்டத்தில் ஒருவர். பாலக்கரையிலிருந்து இரண்டு ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு கோயிலுக்குப் போன அன்றே எல்லோரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்களாம். இப்போது தினமும் பேச்சு. "உங்க மருமக புண்ணியத்துலதான் நாம பழகினோம்" என்றார் அந்த அம்மாள். சகுந்தலா உமாவைப் பார்த்து, "இவதான்" என்றார். எதைச் செய்தவள் என்பதை அந்த அம்மாளின் யோசனைக்கே விட்டுவிட்டார்.

அதன் பிறகு பெட்டியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தப்பாகப் பேசியபோது ஷெட்டிலிருந்து சேலம் வரை பேச்சாக இருந்தது; சரியான பிறகு டோரதியின் குரலை யாரும் காதில் வாங்கவே இல்லை. சில வாரம் கழித்து ஒரு மாலை, உமா புத்தூரிலிருந்து ஜங்ஷனுக்கு வந்து, வீட்டுக்குப் போகிற நஸ்ருல்லா பாயின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பெண் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். குரல் வந்ததும் முகத்தைச் சுளித்து, "இருடி, இங்க என்னமோ கத்துது" என்றாள். உமாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிடம் சிரிப்பு வந்தது. ஜன்னலில் தலை சாய்த்து, ஒவ்வொரு நிறுத்தமும் சரியாக வருகிறதா என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் சரியாக வந்தது. இழுப்பு சரி, இடைவெளி சரி, எடமலைப்பட்டி புதூரில் அந்த 'லை'யோ 'தூ'வோ எதுவும் பிசகவில்லை.

தோளில் யாரோ தட்டினார்கள். டோனி.

"என்னக்கா, இறங்கலையா? உங்க ஸ்டாப்புல ஆளை இறக்கிட்டு பஸ் திரும்பக் கிளம்பியே ரொம்ப நேரமாச்சு. பெட்டிதான் சொல்லுச்சே, காதுல விழலையா?"